குழந்தையின் எடை பெரியவர்களின் வேலை

குழந்தை குண்டாகிக்கொண்டே போகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வீட்டில் எல்லோருடைய கண்ணும் அதன் தட்டின் மேல் விழுந்துவிடுகிறது. இதைச் சாப்பிடாதே, அதைத் தொடாதே, கொஞ்சம் ஓடு, குதி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவதில்லை, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்வதில்லை, சாப்பிடும்போது ஃபோனைத் தன் முன்னால் தானே நிறுத்தி வைத்துக்கொள்வதும் இல்லை. இதையெல்லாம் செய்கிறவர்கள் நாம்தான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான்: எடையைக் கவனிக்கும் வேலை பெரியவர்களுடையது, அந்தக் கவலையைத் தூக்கிக் குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது. மாற்ற வேண்டியதெல்லாம் வீட்டின் அன்றாடப் பழக்கங்களில் இருக்கிறது. அதை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒல்லியாக இருப்பவர்கள் உட்பட.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 39 கோடிக்கும் அதிகமானோர் அதிக எடையோடு இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேர் உடல் பருமன் என்ற நிலைக்கே போயிருந்தார்கள். 1990-இல் இந்த வயதினரில் 8 சதவீதம் பேர்தான் அதிக எடை, 2022-இல் அது 20 சதவீதம். முப்பது வருடத்தில் மனிதர்களின் மரபணு மாறிவிடாது, ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு மட்டும் மன உறுதி குறைந்துபோகவும் வாய்ப்பில்லை. அவர்களைச் சுற்றியிருக்கும் வாழ்க்கைதான் மாறிவிட்டது. கையை நீட்டினால் பாக்கெட் தின்பண்டம், தண்ணீரை விட எளிதாகக் கிடைக்கும் இனிப்புப் பானம், உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும் பொழுதுபோக்கு, தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் தூக்கம். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை, பெரிய பங்கு இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு வளரும் அண்ணன் தம்பியில் ஒருவன் ஒல்லியாகவும் ஒருவன் பருமனாகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பருமனான குழந்தையைப் பார்த்தவுடனே அதன் அம்மாவைக் குறை சொல்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. பசி சீக்கிரம் எடுக்கும், வயிறு நிறைந்தது தாமதமாகத் தெரியும் என்ற இயல்போடு பிறந்த குழந்தைக்கு இன்றைய சூழல் மற்றவர்களை விடக் கடினமாக இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தைக்குத்தான் வீட்டின் பழக்கங்கள் அதிகம் உதவியாக இருக்க வேண்டும்.

முதலில், குழந்தைக்கு உண்மையிலேயே எடை அதிகமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கொழுகொழுவென்று இருக்கும் பத்து மாதக் குழந்தை சரியான எடையில் இருக்கலாம், பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் எட்டு வயதுக் குழந்தை எல்லையைத் தாண்டியிருக்கலாம். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று கணக்கிடும் பி.எம்.ஐ-யில் பெரியவர்களுக்குச் சொல்லும் எண்களைக் குழந்தைகளுக்கு அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. வயதுக்கு வயது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அது வேறுபடும். அதற்காகத்தான் குழந்தைகள் டாக்டரிடம், ஒவ்வொரு வயதிலும் குழந்தைகள் இருக்கும் அளவுகளைக் கீழிருந்து மேலாகப் பல கோடுகளாகக் காட்டும் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் உயரத்தையும் எடையையும் அளந்து அதில் ஒரு புள்ளி வைப்பார்கள். ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, நான்கைந்து புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். முதலிலிருந்தே மேல்கோட்டை ஒட்டிப் போகும் குழந்தையை விட, நடுக்கோட்டில் போய்க்கொண்டிருந்து இரண்டு வருடத்தில் இரண்டு கோடுகளைத் தாண்டி மேலே ஏறிய குழந்தையைப் பற்றித்தான் டாக்டர் அதிகம் யோசிப்பார்.

இந்த வரைபடத்தில் பலரும் கவனிக்காத ஒரு வளைவு இருக்கிறது. பிறந்த முதல் வருடத்தில் பி.எம்.ஐ வேகமாக ஏறும், பிறகு குழந்தை நடந்து ஓடி உயரமாகும்போது மெல்ல இறங்கும். கிட்டத்தட்ட ஐந்து, ஆறு வயதில் மிகக் குறைவான இடத்தைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறத் தொடங்கும். இந்த இரண்டாவது ஏற்றம் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கிவிட்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்று 1984-இலேயே பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நான்கு வயதுக் குழந்தை ஒல்லியாகத் தெரிவதைப் பார்த்து, ஐயோ இளைத்துவிட்டதே என்று பதறித் திணிக்க ஆரம்பிக்கிறோமே, அந்த வயதில் அப்படித் தெரிவதுதான் இயல்பு. இன்னொன்று, வளரும் குழந்தை பெரும்பாலும் எடையைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் எடை ஏறாமல் அதே இடத்தில் நின்றால்கூடப் போதும், உயரம் கூடக் கூட உடல் தானாகச் சரியான அளவுக்கு வரும். குழந்தைக்குப் பட்டினி டயட் தேவையில்லை என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நான் அதிகம் பேச விரும்புவது அந்த "இன்னும் ஒரே ஒரு வாய்" பற்றித்தான்.

பிறந்த குழந்தைக்கே தன் வயிற்றின் கணக்கு தெரியும். பசித்தால் அழும், தலையைத் திருப்பித் தேடும். போதும் என்றால் உறிஞ்சுவதை நிறுத்திவிடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், விரித்த விரல்களோடு கை தளர்ந்து கிடக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் எவ்வளவு குடித்தது என்று அளந்து பார்க்க முடியாததால் அதன் முடிவை நாம் ஏற்றுக்கொள்கிறோம். புட்டியில் கொடுக்கும்போது கீழே மிச்சம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, உடனே அதையும் முடிக்க வைக்கப் பார்க்கிறோம். அங்கே ஆரம்பிப்பது தட்டுக்கு வந்து, டிபன் பாக்ஸுக்கு வந்து, "மிச்சம் வைக்காமல் சாப்பிடு" என்பது ஒழுக்கப் பாடமாகவே ஆகிவிடுகிறது.

என் அக்கா மகன் மூன்று வயதில் சாப்பிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முன்னால் ஃபோனில் பொம்மைப் படம். ஸ்பூன் உதட்டைத் தொட்டவுடன் வாய் திறக்கிறது, கண் திரையை விட்டு நகரவில்லை. வாயில் போனது என்ன, சூடாக இருந்ததா, பிடித்ததா என்று எந்தச் சலனமும் முகத்தில் இல்லை. நடுவில் விளம்பரம் வந்து படம் நின்றது, அப்போதுதான் குனிந்து தட்டைப் பார்த்தான், பார்த்தவுடனே "போதும்" என்று தள்ளிவிட்டான். விளம்பரம் முடிந்து படம் ஓடத் தொடங்கியதும் வாய் மறுபடி திறந்துகொண்டது. அவனுக்கு வயிறு எப்போதோ நிறைந்திருந்தது. அதைக் கேட்கத்தான் அவனுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. தட்டு காலியானது, பெரியவர்களுக்கு நிம்மதி.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. பார்பரா ரோல்ஸ், லீயன் பர்ச் ஆகியோர் அடங்கிய குழு 2000-இல் வெளியிட்டது. மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் ஒரே சாப்பாட்டைச் சிறிய அளவிலும் நடுத்தர அளவிலும் பெரிய அளவிலும் வைத்துப் பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் எவ்வளவு வைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதினர் அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு வருட இடைவெளியில் வயிறு சொல்வதைக் கேட்பது குறைந்து, கண் பார்ப்பதை நம்புவது கூடிவிடுகிறது. பெரியவர்களின் தட்டில் குழந்தைக்குப் பரிமாறாமல் சின்னத் தட்டில் கொஞ்சமாக வைத்து, வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள் என்று விட்டுவிடுவது ஏன் நல்லது என்பது இதிலேயே தெரிகிறது.

திணிப்பதற்கு நேர்மாறாக ஒரு வழக்கம் இருக்கிறது, அதுவும் அதே அளவு கெடுதல். தின்பண்டத்தை வாங்கி வந்து உயரமான அலமாரியில் பூட்டி வைப்பது. 1999-இல் ஜெனிஃபர் ஃபிஷரும் லீயன் பர்ச்சும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் தெரியும்படி ஒரு தின்பண்டத்தை வைத்து, அதைத் தொடவிடாமல் கட்டுப்படுத்தினார்கள். பிள்ளைகளுக்கு அதன் மேல் ஆசை கூடியது, அதைப் பற்றியே அதிகம் பேசினார்கள், கிடைத்தபோது அதையே நாடினார்கள். வீட்டில் இருக்கிறது ஆனால் உனக்கு மட்டும் கிடையாது என்பது மிக மோசமான ஏற்பாடு. அதிலும் ஒல்லியான தங்கைக்கு உண்டு, பருமனான அண்ணனுக்குக் கிடையாது என்றால் அவன் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதில் வாங்குவதையே குறைத்துவிடலாம். வாங்கும் நாளில் எல்லோரும் உட்கார்ந்து, ஒளிக்காமல், சந்தோஷமாகச் சாப்பிட்டு முடித்துவிடலாம். "காயைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்ற பேரமும் வேண்டாம். காய் என்பது தண்டனை, சாக்லேட் என்பது பரிசு என்று நாமே சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

உணவியல் நிபுணர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் ஒரு பங்கீடு எனக்குப் பிடித்தமானது. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். கேட்க எளிது, நடத்துவது கடினம், ஏனென்றால் நாம் நம் பங்கை விட்டுவிட்டுக் குழந்தையின் பங்கைப் பறித்துக்கொள்கிறோம். நேரத்துக்குச் சாப்பாடும், நடுவில் குறித்த நேரத்தில் ஒரு சிற்றுண்டியும் வருமென்று தெரிந்த குழந்தை, ஒருவேளை சரியாகச் சாப்பிடாவிட்டாலும் அடுத்த வேளை ஈடுகட்டிவிடும். நாள் முழுக்கக் கையில் பிஸ்கட்டோடு திரியும் குழந்தைக்குப் பசி என்ற உணர்வே வருவதில்லை. அப்புறம் காய்கறி. புதிதாக ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறை, சில சமயம் பதினைந்து முறைகூட ருசி பார்க்க வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது முறையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம், அவளும் அதைக் கேட்டுக்கொண்டு நின்று, கேட்பவர்களிடமெல்லாம் எனக்குப் பிடிக்காது என்று சொல்லத் தொடங்கிவிடுகிறாள். வற்புறுத்தாமல் ஒரு துண்டை மட்டும் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருங்கள், நீங்களும் அதைச் சாப்பிடுங்கள்.

ஒரே ஒரு பழக்கத்தை மாற்ற முடியும், எதை மாற்றட்டும் என்று யாராவது கேட்டால் நான் பானங்களைத்தான் சொல்வேன். கடித்து மென்று சாப்பிடும்போது வயிறு நிறைகிற உணர்வு வருகிறது, இனிப்பான பானத்தைக் குடிக்கும்போது அந்த உணர்வு சரியாக வருவதில்லை. குடித்த சர்க்கரைக்கு ஈடாகக் குழந்தை அடுத்த வேளையில் குறைத்துச் சாப்பிடுவதும் இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் இனிப்புப் பானம் குடிக்கும் பழக்கமுள்ள 641 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஐந்து வயதுக்குச் சற்று முன்னிருந்து பன்னிரண்டுக்குள் இருப்பவர்கள். ஒரு குழுவுக்கு 250 மில்லி சர்க்கரைப் பானம், இன்னொரு குழுவுக்கு அதே போன்ற சர்க்கரையில்லாத பானம். யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பதினெட்டு மாத முடிவில் சர்க்கரைக் குழுவில் சராசரியாக 7.37 கிலோ எடை ஏறியிருந்தது, மற்ற குழுவில் 6.35 கிலோ. வேறு எதையும் மாற்றவில்லை, சாப்பாட்டில் கை வைக்கவில்லை, ஓடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கப் பானத்தில் மட்டும் ஒரு கிலோ வித்தியாசம்.

சேர்க்கும் சர்க்கரையிலிருந்தும் பழச்சாற்றின் சர்க்கரையிலிருந்தும் வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு, 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 1,400 கலோரி தேவைப்படும் சின்னக் குழந்தைக்குப் பத்து சதவீதம் என்பது 140 கலோரி, அதாவது 35 கிராம் சர்க்கரை. 330 மில்லி கோலா ஒன்றில் ஏறத்தாழ அந்த 35 கிராம் இருக்கிறது. ஒரே டப்பாவில் அன்றைய எல்லை முடிந்துவிட்டது. பழச்சாற்றைப் பற்றித்தான் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். வீட்டிலேயே பிழிந்தது, சர்க்கரையே போடவில்லை என்பார்கள். பழத்தில் நாரோடு பிணைந்திருக்கும் சர்க்கரை வேறு, பிழிந்து தனியாக வந்துவிட்ட சர்க்கரை வேறு. மேலே சொன்ன எல்லைக்குள் பழச்சாற்றின் சர்க்கரையும் அடக்கம். மூன்று ஆரஞ்சை உரித்துக் கொடுத்தால் குழந்தை ஒன்றில் நிறுத்திவிடும், பிழிந்து கொடுத்தால் மூன்றும் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும். பழத்தைப் பழமாகவே கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர். ஒரு வயதுக்குள் எந்தச் சாறும் தேவையில்லை.

தூக்கத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் க்ரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, மறுநாள் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் அதிகம் ஈர்க்கின்றன. களைத்துப்போன குழந்தை ஓடியாடாது, கூடவே இரவில் விழித்திருக்கும் நேரம் என்பது தின்பதற்கும் கூடுதல் நேரம். 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். காலை ஆறரைக்கு எழுப்ப வேண்டிய எட்டு வயதுக் குழந்தை இரவு ஒன்பதரைக்காவது தூங்கியிருக்க வேண்டும், வீட்டில் டிவி பத்து மணிக்கு அணைகிறதென்றால் அது நடக்காது. படுக்கையறையில் ஃபோனும் டேப்லெட்டும் வேண்டாம் என்ற விதி பெரியவர்களுக்கும் சேர்த்து இருந்தால்தான் நிற்கும்.

ஓட்டம், விளையாட்டு பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. ஐந்து வயதுக்கு மேல் தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. அதைவிடச் சின்னக் குழந்தைகள் நாளெல்லாம் அசைந்துகொண்டே இருந்தால் போதும். உடற்பயிற்சி தனியாக இல்லாமல் திரை நேரம் குறைந்தாலே வித்தியாசம் தெரிகிறது. 1999-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ராபின்சன், மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் டிவி, வீடியோ கேம் நேரத்தை மட்டும் குறைக்க வைத்தார். அதைச் செய்யாத பள்ளியோடு ஒப்பிட்டபோது இவர்களின் பி.எம்.ஐ குறைவாகவே ஏறியிருந்தது. ஆனால் ஒன்று, "கேக் சாப்பிட்டாய் அல்லவா, போய் ஐந்து சுற்று ஓடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடுவது அபராதம் என்று ஆகிவிட்டால் அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு ஓடவே ஓடாது.

இப்போது பேச்சுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது. எனக்குத் தெரிந்த பத்து வயதுப் பெண் எந்த வீட்டுக்குப் போனாலும் சோஃபாவில் உட்கார்ந்த உடனே பக்கத்திலிருக்கும் தலையணையை எடுத்து மடியில் வைத்து வயிற்றை மறைத்துக்கொள்வாள். எல்லோர் முன்னாலும் அரைத் தட்டில் எழுந்துவிடுவாள். ஒருநாள் அவள் அம்மா மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது சுவர் ஓரமாக பிஸ்கட் உறைகள் நெருக்கி மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்த வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை. "குண்டுப் பாப்பா" என்று ஆசையாகக் கூப்பிட்டார்கள், விருந்தாளிகள் வந்தால் "இவளைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும்" என்று அவள் காதில் விழும்படி சொன்னார்கள், அவ்வளவுதான். எடையை வைத்துக் கேலிக்கு ஆளாகும் குழந்தைகளிடம் ஒளிந்து சாப்பிடுவதும், ஒரேயடியாக அளவின்றிச் சாப்பிடுவதும், பட்டினி கிடப்பதும் அதிகம் என்று ஆய்வு மேல் ஆய்வாகச் சொல்லிவிட்டார்கள். அவமானப்பட்டு இளைத்த குழந்தை என்று ஒன்று கிடையாது. பேசித்தான் ஆக வேண்டும் என்றால் உடம்பு என்ன செய்கிறது என்பதைப் பேசலாம், எவ்வளவு தூரம் நீந்துகிறாய், மாடி ஏறும்போது கால் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று. அம்மா கண்ணாடி முன் நின்று தன் தொப்பையைத் திட்டிக்கொள்வதும் மகளின் காதில் விழுகிறது, அதையும் நிறுத்தியாக வேண்டும்.

இதெல்லாம் ஒரே வீட்டில் எல்லோரும் ஒத்துப்போனால்தான் நடக்கும். "ஒரு நாளைக்கு ஒரு சாக்லேட்டில் என்ன வந்துவிடப் போகிறது" என்று கேட்கும் பாட்டியிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருடைய அன்பு அந்த வழியாகத்தான் வருகிறது. "பாட்டி, நீங்கள் கதை சொன்னால் அவன் எட்டரைக்கே தூங்கிவிடுகிறான், அந்த வேலை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்" என்று கேட்டுப் பார்த்தால் அந்த அன்புக்கு வேறு வழி கிடைக்கும். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் பெற்றோரிடம், விளையாட இடமே இல்லாத தெருவில் குடியிருப்பவர்களிடம் இந்த எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யச் சொல்வது நியாயமில்லை. பானம் ஒன்றை மாற்றுங்கள், அது நிலைத்த பிறகு சாப்பாட்டு நேரத்தில் திரையை அணையுங்கள். குழந்தைகளைக் குறிவைக்கும் தின்பண்ட விளம்பரங்களைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அரசுகளுக்குச் சொல்லியிருக்கிறது. அது நம் சமையலறைக்குள் முடிகிற காரியம் இல்லை, அரசாங்கங்கள் செய்ய வேண்டியது.

சில அறிகுறிகள் இருந்தால் பழக்கத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருப்பது அழுக்கு இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். இரவில் பலத்த குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுவது, நொண்டி நடப்பது, இடுப்பு அல்லது முழங்கால் வலி, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. எடை கூடிக்கொண்டே போகிறது ஆனால் உயரம் நின்றுவிட்டது என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். நோய் எதுவும் இல்லாமல் எடை அதிகமாகும் குழந்தைகள் பெரும்பாலும் தங்கள் வயதுக்கு உயரமாகவே இருப்பார்கள், உயரம் நின்றுபோனால் ஹார்மோன் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். போகும்போது குழந்தை இதுவரை வளர்ந்த அளவுகள் எழுதிய புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எடையைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே ஃபோனில் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு வரும்போது குழந்தையை வேறொருவரோடு வெளியே உட்காரவைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.